சொடக்குப் போட்டதால் வந்ததல்ல

ஐப்பசி 20, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். முழங்காலில் வழக்கம்போல 'கடக்'. மாடிப்படி ஏறினால் எனக்கு முன்னால் சத்தம் போகிறது. வாயுதான். நேற்றிலிருந்து வீட்டில் உருளைக்கிழங்கு, வாழைக்காய் தடை.

வாங்க: பூண்டு, முடக்கத்தான், விளக்கெண்ணெய்.

மகள் கனிக்கும் பத்து நாளாக விரல் வீக்கம். பத்தொன்பது வயது, கிருஷ்ணன்கோவில் காலேஜ், இரண்டாம் வருஷம். காரணம் கண்டுபிடித்தாயிற்று: சொடக்குப் போடுவது, சாயந்தரம் தலைக்குக் குளிப்பது, போன். தறியிலிருந்து கொண்டுவந்த பேண்டேஜ் துணியை விரல் விரலாகச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டேன். இனி எப்படிச் சொடக்குப் போடுவாள்? இன்று நாலாவது நாள். பேண்டேஜ் நெய்கிற இடத்தில் இருபது வருஷ சூப்பர்வைசர். பாதி டாக்டர் என்று நினைப்பு. வீட்டுக்காரி மல்லிகா வேறு, ஊர்க் காயத்துக்கெல்லாம் துணி அனுப்புகிறவருக்கு மகள் கையைக் கட்டத் தெரியாதா என்றாள். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஐப்பசி 22, புதன்

மழை இல்லை. என் முழங்காலைக் காட்ட ஸ்ரீவில்லிபுத்தூர், மூட்டு டாக்டர். இங்கிலீஷில் பேசிவிட்டால் என்ன செய்வது என்று கனியைத் துணைக்குக் கூட்டிப் போனேன். எடை 91. மிஷின் கோளாறு என்றேன். நர்ஸ் தானே ஏறிக் காட்டினார், 54. மிஷின் நன்றாகத்தான் இருக்கிறது.

டாக்டரம்மா நல்ல தமிழ். என் முழங்காலுக்கு இரண்டே நிமிஷம். தேய்மானம், வயசு, எடை. வாயு என்று ஒன்றும் இல்லையாம். பிறகு கனியின் கையைப் பார்த்து, அடிபட்டதா என்றார். பெருமையாக விளக்கினேன். அவர் முடிச்சுகளை அவிழ்த்தார். விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். கனிக்குக் கண் கலங்கிவிட்டது.

காலையில் எவ்வளவு நேரம் விரல் மடங்காது என்று கேட்டார். கனி என்னைப் பார்த்தாள்.

"பத்து மணி வரைக்கும், மேடம். ஆறு மாசமா."

ஆறு மாசம்! மேலே பத்து நாள் என்று எழுதி வைத்திருக்கிறேன். டிபன் பாக்ஸை சிநேகிதி திறந்து கொடுக்கிறாளாம். ஏன் சொல்லவில்லை என்றேன்.

"சொன்னா போனப் புடுங்கிருவீயன்னுதான்."

டாக்டரம்மா ஒரு நோயின் பேரைச் சொன்னார், ரத்தம் பார்த்து உறுதி செய்ய வேண்டுமாம். உடம்பைக் காக்கிற சக்தியே ஆள் தெரியாமல் சொந்த மூட்டை அடிக்கிறதாம். சொடக்கு, குளிர்ந்த தண்ணீர், வாழைக்காய், எதுவும் காரணம் இல்லை. ஏன் ஆரம்பிக்கிறது என்று முழுசாகத் தெரியாது, சில குடும்பங்களில் தொடர்ந்து வருமாம். விரலை அசைக்க வேண்டுமாம், கட்டக் கூடாதாம். இப்போதே மாத்திரை தொடங்கினால் விரலைக் காப்பாற்றலாம், விட்டால் கோணிவிடும். கோணியது பிறகு நிமிராது.

குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்றார். இல்லை என்றேன், பட்டென்று.

கனி சொன்னாள்: "பேச்சி அத்தைக்கு வெரலு கோணித்தானப்பா இருக்கு."

என் கூடப் பிறந்த அக்கா. வ. புதுப்பட்டியில் தனியாக இருக்கிறாள். பச்சை உடம்போடு குளிர்ந்த தண்ணீரில் துணி துவைத்தாள், அதனால் வந்தது என்றார்கள். வேலைக்குக் கள்ளம் என்று புருஷன் வீட்டார் பிறந்த வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். மகாராணி உட்கார்ந்தே சாப்பிடுகிறாள் என்று நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரித்தது? நான்.

ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். பால்கோவா வாங்கும் எண்ணம் இருந்தது. மறந்தே போனேன்.

ஐப்பசி 24, வெள்ளி

ரிசல்ட். டாக்டரம்மா சொன்ன அதே நோய்தான், மாத்திரை வாங்கி வீட்டில் கொடுத்தேன். மத்தியானம் வேலைக்குப் போனேன். தறி ஓடுகிற சத்தம்கூடக் காதில் ஏறவில்லை.

மைத்துனன் போனில் அரை மணி நேரம். மாத்திரை கிட்னியைத் தின்றுவிடும், விஷயம் வெளியே தெரிந்தால் மாப்பிள்ளை வர மாட்டான், கூமாப்பட்டியில் ஒருவர் எண்ணெய் தருகிறார். மல்லிகா மாத்திரை அட்டையை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். நாலு நாள் பொறுப்போம் என்றாள். நானும் தலையை ஆட்டினேன். பயம். ரத்தம் அடிக்கடி பார்த்துக்கொண்டே கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னது எல்லாம் எங்கே போனதோ.

கனி அழவில்லை.

"யப்பா, அத்த கை மாதிரி ஆன பொறவு அந்த எண்ணெய வச்சு என்ன செய்ய?"

மல்லிகாவிடம் பீரோ சாவிக்குக் கை நீட்டினேன். சாவியைக் கொடுத்தாள். தண்ணீர் பாட்டிலை நான் திறந்து கொடுத்தேன், கனி விழுங்கினாள். வாரம் ஒரு தடவை. வெள்ளிக்கிழமை.

ஐப்பசி 26, ஞாயிறு

நல்ல வெயில். பஸ்ஸில் வ. புதுப்பட்டி. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வழியெல்லாம் வார்த்தை தயார் செய்தேன். வாசலில் கனி விஷயத்தை மட்டும் சொன்னேன்.

அக்கா உடனே கேட்டது: "காலைல மடங்காதே? வெந்நியில கைய வைக்கச் சொல்லு. அந்தப் புள்ள பொய் சொல்லல லே. அவள வையாத."

வையவில்லை என்றேன். அது என்ன பேர், அந்த நோய்க்கு என்று கேட்டாள். சொன்னேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். முப்பது வருஷத்தில் யாரும் அவளுக்கு அதற்கு ஒரு பேர் சொல்லவில்லை.

"எனக்கு இப்பப் போனா நிமிருமாலே?"

"நிமிராதுக்கா. வலி கொறையலாம்."

"கொறஞ்சா போதும். இரு, சேல மாத்திட்டு வாரேன்."

கதவைச் சாத்திக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை டாக்டர் இருக்க மாட்டார். சொல்ல வாய் வரவில்லை. கொசுவம் வைக்க அந்த விரல்களுக்கு நேரமாகும். வாசலிலேயே நின்றேன்.