தமிழில் கூப்பிட்டவர்

12 ஆகஸ்ட் 2025, கடலூர்
தேவனாம்பட்டினத்துக்கு மீன் வாங்கப் போனேன். சங்கரா மட்டும்தான் நன்றாக இருந்தது. பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே தம்பி அறிவழகன் போன் செய்தான். "அக்கா, மாமா பேசுன வீடியோ பாத்தியா?"

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் முன்னாள் படைவீரர் கூட்டம் என்றுதான் என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டுப் போனார். வீடியோவில் மேடை, மைக், இவர். முப்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் இவர் அமைதிப்படையில் இலங்கைக்குப் போயிருந்தபோது நடந்ததாம். கூட இருந்த ஜவான்கள் கண்ணிவெடியில் செத்த மறுநாள் ஒரு கிராமத்தைச் சுற்றி வளைத்திருக்கிறார்கள். அந்தப் படையில் தமிழ் தெரிந்தவர் இவர் மட்டும்தான்.

"வெளிய வாங்க, ஒண்ணும் செய்ய மாட்டாங்கன்னு நான்தான் கூப்பிட்டேன். தமிழ்ல கூப்பிட்டதால நம்பி வந்தாங்க. வந்தவங்களச் சுட்டாங்க. சுடுவாங்கன்னு எனக்குத் தெரியுமான்னா... தெரியும்னுதான் நெனைக்கிறேன்."

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறேன். எனக்குத் தெரியாது.

13 ஆகஸ்ட்
சமைத்தது அப்படியே இருக்கிறது.

15 ஆகஸ்ட்
தெருவில் கொடியேற்ற வருஷா வருஷம் இவரைத்தான் கூப்பிடுவார்கள். இந்த வருஷம் கூப்பிடவில்லை. இவர் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருந்தார். வெளியே தலைகாட்ட எனக்கு வெட்கம். இவரால் வெட்கம்.

18 ஆகஸ்ட்
அறிவழகன் வந்து யோசனை சொன்னான். மாமாவுக்குப் புத்தி தடுமாறுகிறது என்று சொல்லிவிட்டால் எல்லாரும் விட்டுவிடுவார்களாம். வரும் ஞாயிறு கடலூரில் இவரைப் பேசவைக்கக் கூட்டம் நடத்தும் சந்திரலேகா என்ற பெண் சாயங்காலம் போன் செய்தது. "அவருக்குப் புத்தி சரியில்லம்மா, ஏதேதோ சொல்றாரு" என்றேன். திரும்பினால் இவர் வாசற்படியில். மோட்டார் போடப் போனார்.

ச்சீ — என்ன வாய் இது எனக்கு?

24 ஆகஸ்ட்
கூட்டம் நின்றுபோனது. மத்தியானம் ஒரு அம்மாள் வந்தாள். பெயர் ராசம்மாள், குறிஞ்சிப்பாடி அகதி முகாம். கூட்டத்துக்காகப் பஸ் ஏறி வந்தவள், விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். "ஐயா ஊரின்ர பேர் சொல்லேல்லை. அது எங்கட ஊரோ எண்டு கேக்க வந்தனான்."

தூங்குகிறார் என்று சொல்லிவிடலாமா? அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலிலேயே நின்றாள். இவரைக் கூப்பிட்டேன்.

இவர் ஊர்ப் பெயரைச் சொன்னார்.

"வேற ஊர்தான். எங்கட அண்ணாவையும் தமிழிலதான் கூப்பிட்டவை."

இவர் அழுது இன்றுதான் பார்க்கிறேன். நான் வைத்த டீயை அவள் தொடவில்லை. கூட்டம் ஏன் நின்றது என்று கேட்டாள். "எனக்கு உடம்பு முடியலம்மா" என்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

26 ஆகஸ்ட்
சந்திரலேகாவிடம் நான் சொன்னது பொய் என்று சொல்லிவிட்டேன்.

14 செப்டம்பர்
சந்திரலேகா மறுபடி ஏற்பாடு செய்த கூட்டத்துக்கு நானும் போனேன். போனால் இனி வீட்டுப் பக்கம் வரமாட்டேன் என்று அறிவழகன் சொல்லியிருந்தான். இவர் மைக் முன்னால் நின்றதுமே ஒருவர் எழுந்து, இவருக்குப் புத்தி சரியில்லை என்று வீட்டுக்காரம்மாவே சொன்னார்களாமே என்று கேட்டார். எழுந்தேன்.

"சொன்னது நான்தான். பொய் சொன்னேன். அவரு சொல்றதக் கேளுங்க."

இவர் என் பக்கம் பார்க்கவில்லை. இந்த முறை ஊரின் பெயரைச் சொல்லி ஆரம்பித்தார்.