கால்வாய்க் காற்று

திருவான்மியூர்
பிப்ரவரி 9, 2025

என் செல்ல மஹ்விஷ்,

பெங்களூரில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசினால் இரண்டு பேரும் அழுது தொலைக்கிறோம், அதனால்தான் கடிதம்.

உன் ஆராய்ச்சியைப் பற்றி வந்த பத்திரிகைச் செய்தியை மருந்தீஸ்வரர் கோயில் பூக்காரி வரைக்கும் காட்டிவிட்டேன். சாந்தோம் பள்ளியில் கெமிஸ்ட்ரி லேபில் அழுகிய முட்டை நாற்றம் வந்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியவள், அதே வாயுவை வைத்துப் புற்றுநோயை அடக்கப் பார்க்கிறாளாம்! பெருமை தாங்கவில்லையடி எனக்கு.

எங்கள் வீட்டுக்காரரைத்தான் தெரியுமே, ஈக்காட்டுத்தாங்கல் வெல்டிங் பட்டறையில் காலம் முழுக்க கேஸோடு குடித்தனம் நடத்துகிறவர். செய்தியைப் படித்துவிட்டு, "முட்ட நாத்தமா? அதுக்கு இன்னாத்துக்கு பெங்களூரு? நம்ம பக்கிங்காம் கால்வாய்லயே ஓசில கீதே!" என்கிறார். தினமும் சாயங்காலம் என்னைக் கால்வாய் ஓரமாக நடக்கவைத்து, "நல்லா இழு நிலா, நல்லா இழு" என்கிறார். நானும் இழுக்கிறேன். சிரிக்காதே.

மூன்று கீமோ ஆகிவிட்டது. முடி போனது போகட்டும், வாயில் ரசம்கூட வைக்க முடியவில்லை. இனிமேல் வரமாட்டேன் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டேன். உன் மருந்து வரட்டும், காத்திருக்கிறேன். உன்னைவிட எந்த டாக்டரை நான் நம்புவேன்?

உன்
தமிழ்நிலா


பெங்களூரு
பிப்ரவரி 13

அடி பைத்தியமே,

முதலில் அந்தக் கால்வாய் நடையை நிறுத்து. உன் வீட்டுக்காரர் செந்தில் அண்ணனிடம் சொல், அந்த முட்டை நாற்ற வாயு, ஹைட்ரஜன் சல்பைடு, சாக்கடைக் குழிக்குள் தேங்கினால் இறங்கிய ஆளையே கொன்றுவிடும். அதையேதான் நம் உடம்பும் துளியூண்டு தயாரிக்கிறது, செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொள்வதற்காக. நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும்கூட அப்படித்தான். விஷம் என்று நாம் படித்த வாயுக்கள் நமக்குள்ளேயே ஓயாமல் பேசிக்கொண்டிருக்கின்றன, நிலா! இத்தனை வருடமாகியும் எனக்கு அந்த ஆச்சரியம் தீரவில்லை.

ஆனால் அளவுதான் பொல்லாதது. கொஞ்சமாக இருந்தால் புற்றுநோய்க்கே தீனி போட்டுவிடும், அதிகமானால் அதை வாட்டும். கட்டிக்குள் போய்ச் சேர்ந்த பிறகு மட்டும் வாயுவை விடுகிற மருந்தைத்தான் நாங்கள் தேடுகிறோம். லேபில் தட்டில் வளர்த்த செல்களிலும் எலிகளிலும்தான் பார்த்திருக்கிறோம். மனிதர்களுக்கு வர வருடக்கணக்காகும். வராமலே போனாலும் போகலாம்.

என் மருந்து உனக்கு வராது நிலா. எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன். இன்றைக்கு உன்னைக் காப்பாற்றக்கூடியது, நாக்கைக் கெடுக்கிற அந்தக் கீமோதான். திங்கட்கிழமையே போய் உட்கார். அப்புறம் என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை.

மஹ்விஷ்


பெங்களூரு
மார்ச் 6

நிலா,

பதில் இல்லை, போனையும் எடுக்க மாட்டேன் என்கிறாய். அண்ணன் "அவ நல்லாத்தான் கீறா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார். நோன்பு திறக்கும்போதெல்லாம் உனக்காகத்தான் துஆ கேட்கிறேன். திட்டியாவது இரண்டு வரி எழுது. கீமோவுக்குப் போனாயா?

மஹ்விஷ்


திருவான்மியூர்
ஜூன் 22

என் மஹ்விஷ்,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பொய்யாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று அழுதேன். இவர்தான் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டி, என் எதிரே உட்கார்ந்து சத்தமாகப் படித்தார். "உன் கூட்டாளி தன் மருந்தையே வேணாம்ன்றா. அவளுக்கு இன்னா ஆதாயம் சொல்லு? கெளம்பு" என்றார். கிளம்பினேன். உன்மேல் கோபம் மட்டும் போகவில்லை. அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

கீமோ முடிந்தது. கட்டி நன்றாகச் சுருங்கிவிட்டதாம், போன வாரம் அறுவை சிகிச்சையும் செய்துவிட்டார்கள். இப்போது ரசம் ருசிக்கிறது. கோபமும் போய்விட்டது. உன்னைப் போல நெஞ்சுரம் எனக்கு ஏதடி? சிநேகிதியின் ஆசையை உடைத்து அவள் உயிரைப் பிடித்து வைக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

எடுத்த கட்டியில் கொஞ்சம் ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டர் கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் சரி என்றேன். பெங்களூரில் மஹ்விஷ் லேபுக்குப் போகுமா என்று கேட்டதற்குச் சிரித்தார், அதெல்லாம் சொல்ல முடியாதாம். ஒருவேளை வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடாதே. உன்னுடையது எனக்கு வராது என்றாயே, என்னுடையதாவது உனக்கு வரட்டும்.

உன்
நிலா