டி.வி. ஜன்னலில் கட்டிய ஜரிகை

என் பிரியத்துக்குரிய மாப்பிள்ளை தனசேகருக்கு,

நேற்றுப் பிற்பகல் உறுதியான செய்தி: உன் விளக்கில் கோளாறு இல்லை. சொன்னவர் பாலிடெக்னிக்கில் மின்னியல் நடத்தும் ஆசிரியர். விளக்கைக் கழற்றி மேசையில் பரப்பி, என் தங்கை தேவகியையும் என்னையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சொன்னார். இன்னொன்றும் சொன்னார். அதைப் பிறகு சொல்கிறேன்.

எந்த விளக்கு, என்ன கோளாறு என்று கேட்பாய். எல்லாம் நீ போன பிறகு நடந்தது. வரிசையாகச் சொல்கிறேன்.

நாலு பேர் முன்னால் உன்னை ‘நீங்க’ என்றுதான் பேசியிருக்கிறேன். தங்கையின் கணவரை ஒருமையில் கூப்பிட்டால் அம்மாவுக்குப் பிடிக்காது. இந்தக் கடிதம் நான் வேலை பார்க்கும் பேப்பரில் வரும், பலர் படிப்பார்கள். இருந்தாலும் ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரிந்திருக்காது. பெரிய காஞ்சிபுரத்தில் டி.வி. பழுதுபார்த்தவன் நீ. தட்டை டி.வி. வந்த பிறகு உன் கடைக்கு வந்தவற்றில் பாதி, கண்ணாடி உடைந்தவை. கண்ணாடி போனால் எல்லாம் போனது என்று விட்டுவிட்டுப் போனார்கள். வைக்க இடமில்லாமல் ஒன்றைப் பிரித்துப் பார்த்தாய். உள்ளே விளக்குப் பட்டைகளும், வெளிச்சத்தைப் பரப்பும் வெள்ளைத் தகடும் அப்படியே நன்றாக இருந்தன. பட்டைகளைத் துண்டாக்கிச் சேர்த்து, ஏனாத்தூர் கல்லூரி மாணவர்கள் தூக்கிப்போட்ட லேப்டாப் அடாப்டரில் எரியும்படி மாற்றினாய். தறிக்கு மேலே தொங்கவிட்டால் நிழல் விழாது. நெய்கிறவர்கள் அதற்கு டி.வி. ஜன்னல் என்று பெயர் வைத்தார்கள்.

ஒருநாள் உன் கடையில் அப்படி ஒரு விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கட்டுவதற்குக் கைக்குக் கிடைத்தது ஒரு துண்டு ஜரிகை. யாரோ நெசவாளர் வீட்டு டி.வி.யோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நீ வெடுக்கென்று பிடுங்கினாய்.

“ஏ மச்சான், அத எடுக்காத. அது நூலே இல்ல, வெள்ளிக் கம்பி. பட்டு மேல சுத்திக்கினு நூலு மாதிரி நடிக்குது.”

“நடிக்குதா?”

“உன் பேப்பரு மாதிரி.”

ஒவ்வொரு வீட்டிலும் நீயே போய்ப் பருத்திக் கயிற்றால் கட்டிவிட்டு வந்தாய். ஏன் பருத்தி என்று என்னிடம் சொன்னாய்: அதில் மின்சாரம் ஓடாது. அவர்களிடம் சொன்னாயா?

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, ஐயம்பேட்டையில் மல்லிகா வீட்டுத் தறியில் கருகல் வாடை வந்தது. உன் விளக்கின் ஸ்விட்சைப் போட்டதும் மேலே பின்புறம் ஏதோ சிவந்து பளிச்சிட்டு, அறுந்து, தறியில் நீளமாக இழுத்துக் கட்டிய பாவு இழைகளின் மேல் விழுந்திருக்கிறது. பட்டு பற்றி எரியவில்லை. ஒரு சாண் அகலத்துக்கு இழைகள் கருகிச் சுருண்டன. யாருக்கும் காயமில்லை. தறியில் இருந்தது ஒரு கல்யாணப் புடவை.

செய்தி தெருவுக்குத் தெரு போனது. அந்த வாரத்திலேயே விளக்குகள் திரும்பி வரத் தொடங்கின. சைக்கிளில் கட்டி எடுத்து வந்தவர்கள் உண்டு. ஒருவர் ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். தயங்கி நின்றவர்களும் இருந்தார்கள். ஒருவர் தயங்கவில்லை.

“குப்பையில பொறுக்கினது குப்பையிலயே கெடக்கணும்மா. தறி மேல ஏத்துனா இப்டித்தான்.”

தேவகி அவரை நிமிர்ந்து பார்த்தாள். “அந்த ஓரமா வைங்கண்ணா. கால்ல இடிச்சிக்கப் போறீங்க” என்றாள். அவ்வளவுதான்.

கூடத்தில் சுவரைப் பார்க்கத் திருப்பி அடுக்கி வைத்திருக்கிறாள். நீ உட்காரும் நாற்காலி அதற்குப் பின்னால் போய்விட்டது. சாப்பிடும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் சாப்பிடுகிறோம்.

நீ போன அன்று நான் அழவில்லை. எங்கே விழுந்தான், யார் முதலில் பார்த்தது, ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொருவரிடமும் விசாரித்தேன். மாரடைப்பு என்று டாக்டர் சொன்னதை இன்னொரு டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். பழக்கம். அழுகை பிறகு வரும் என்றார்கள். அதுவும் இன்னும் உறுதியாகவில்லை. மாலையில் உன் கடைத் தெரு வழியாக நடக்கிறேன். பூட்டைப் பார்க்கிறேன். ஒன்றும் தோன்றவில்லை. இது சரியா மாப்பிள்ளை?

மல்லிகா வீட்டு விளக்கை நான்தான் ஆசிரியரிடம் எடுத்துப் போனேன். உன் மேல் தவறு இருந்தால் அதையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தேவகியிடம் சொன்னேன். “அவர் இருந்தா அவரே தூக்கினு போயிருப்பாரு” என்று சொல்லிவிட்டு அவளும் கிளம்பினாள்.

பின்புறம் மின்கம்பி சேரும் இரண்டு முனைகளிலும் வெள்ளி உருகித் துளியாக ஒட்டியிருந்தது. பக்கத்தில் கருகிய சிவப்புப் பட்டு இழை. ஆசிரியர் அதை இடுக்கியால் எடுத்துக் காட்டினார்.

“ஜரிகை சார். ரெண்டு முனையையும் சேத்துப் பிடிச்சிருக்குது. வெளக்கு நல்லாதான் இருக்குது. ஆனா முனைய மூடாம விட்டிருக்காரு பாருங்க. ஒரு ரப்பர் துண்டு போட்டிருந்தா போதும்.”

இதுதான் அவர் சொன்ன இன்னொன்று. கோளாறு இல்லை, ஆனால் குறை உண்டு. யார் வேண்டுமானாலும் கழற்றிப் பழுதுபார்க்கட்டும் என்று நீ முனைகளைத் திறந்தே விடுவாய். நான் அதைச் சொன்னேன். அவர் தலையசைத்தார். குறை குறைதான்.

அங்கிருந்து நேராக ஐயம்பேட்டைக்குப் போனோம். தறி நின்றிருந்தது. கருகிய இடத்தில் காயத்தை மூடியதுபோல் ஒரு வெள்ளைத் துணி. மல்லிகா எங்களைப் பார்த்ததும் தண்ணீர் கொண்டுவரப் போனாள். ஜரிகை என்று சொன்னதும் செம்போடு அப்படியே நின்றாள்.

“நாந்தாங்ணா கட்டினேன்.”

தறிக்குப் பொட்டு வைத்து, நூல் ஓட்டும் நாடாவுக்குப் பொட்டு வைத்து, விளக்குக்கும் வைத்திருக்கிறாள். அப்போது கயிறு கண்ணில் பட்டிருக்கிறது.

“அண்ணன் போனப்புறம் வர்ற மொதோ பூஜ. அழுக்குக் கயித்துல தொங்கிக்கினு இருந்துது. மனசு கேக்கல. மிச்சம் இருந்த நல்ல ஜரிகையா எடுத்து கயித்து மேல சுத்தி, பின்னாடி முடி போட்டேன். ஷாக் அடிக்காதுன்னு அண்ணன் சொல்லிக்கினே இருப்பாரே. கயித்துல கட்டுன்னாரு. கயிறு தாங்கும்னு சொல்றாருன்னு நெனச்சேன்.”

நான் கேட்ட கேள்விக்கு அதுவே பதில். நீ அவர்களிடம் சொல்லவில்லை.

மல்லிகா செம்பைக் கீழே வைத்தாள். பிறகு தேவகி சொன்னாள்: “எங்க கல்யாணத்துக்கே ஜரிகை வேட்டி கட்ட மாட்டேன்னு நின்ன மனுசன். கட்டிவிட்டப்புறமும் குத்துதும்மா, கழட்டணும்னு மணவறையில உக்காந்துக்கினு சொன்னாரு. அவருக்குப் போய் ஜரிகை சுத்துனியே.”

மல்லிகா சிரித்தாள், அழுதாள். தேவகியும் சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். நான் சிரித்தேனா என்று நினைவில்லை.

இதை எழுதுவதா என்று எனக்குத் தயக்கம். எழுதினால் உன் பேர் நிமிரும். பழி மல்லிகா மேல் போகும். பாவு கொடுத்த முதலாளி இதுவரை விளக்கைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். இனி அவளைத் திட்டுவார். அந்தப் பாவையே எடுத்துவிடலாம். பேர் இல்லாமல் எழுதுகிறேன் என்று மல்லிகாவிடம் சொன்னேன்.

“பேரு போட்டே எழுதுங்ணா. இல்லனா அந்தத் தெருவுல கட்டிச்சி, இந்தத் தெருவுல கட்டிச்சின்னு அவங்களே யாரையாவது கை காட்டுவாங்க. முதலாளிகிட்ட நானே சொல்லிக்கிறேன்.”

இன்று காலை சொல்லியும்விட்டாள். அவர் திங்கட்கிழமை வருகிறேன் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாராம்.

தேவகி பழைய சைக்கிள் டியூபைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருக்கிறாள். சுவர்ப் பக்கம் திருப்பியிருந்த விளக்குகளை இந்தப் பக்கம் திருப்பி, ஒவ்வொன்றின் முனையையும் மூடுகிறாள். உன் கத்தரிக்கோல்தான். மொண்ணையாக இருக்கிறது என்று உன்னைத்தான் திட்டுகிறாள்.

இனி நிலுவையில் உள்ளவை. மூடிய விளக்குகளை வெள்ளிக்கிழமை முழுவதும் எரியவிட்டுப் பார்ப்பதாக ஆசிரியர் சொல்லியிருக்கிறார். திரும்பித் தந்தவர்கள் மறுபடி வாங்குவார்களா என்பது அதற்குப் பிறகுதான் தெரியும். முதலாளி திங்கட்கிழமை நேரில் வந்து பார்க்கிறார். அதற்குள் கருகிய இழைகளை வெட்டி ஒவ்வொன்றாகப் பிணைத்துவிட்டால் பாவை எடுக்க மாட்டார் என்று மல்லிகா நம்புகிறாள். ஆனால் அவ்வளவு மெல்லிய இழையைப் பிணைக்க நிழல் விழாத வெளிச்சம் வேண்டும். “அண்ணன் வெளக்கு வந்தாதாங்ணா முடியும்” என்றாள்.

சனிக்கிழமை காலை அதை நானே எடுத்துப் போய்த் தொங்கவிடுகிறேன். பருத்திக் கயிறு. முடிச்சைக் கையால் தடவிப் பார்ப்பேன். ஏன் பருத்தி என்றும் இந்த முறை சொல்லிவிட்டு வருவேன், அந்த வீட்டில் மட்டுமல்ல, விளக்கு ஏறும் ஒவ்வொரு வீட்டிலும்.

உன் தேவகிக்கு அண்ணன்,
உனக்கு மச்சான்