அவையில் எழுந்த சிரிப்பு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்துவிட்டது, வாய்தான் குறையவில்லை. சட்டசபை விவாதத்தை டிவியில் பார்த்துக் கத்துகிறார் என்று ரிமோட்டை மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன்.

அந்த விவாதத்தை எழுதுவதுதான் இந்த வாரம் எனக்கு வேலை. அரசு வேலைகளில் நம் போன்றவர்களுக்கு உள்ள ஒதுக்கீட்டை எடுத்துவிடும் மசோதா. சுருக்கெழுத்துக்காரர்கள் அவைக்கு நடுவில் உட்கார்ந்திருப்போம், உனக்குத்தான் தெரியுமே. யார் என்ன பேசினாலும் முகத்தில் காட்டக் கூடாது. உறுப்பினர்கள் கைதட்டினால் (கைதட்டல்), சிரித்தால் (சிரிப்பு) என்று அதையும் அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும்.

செவ்வாய்க்கிழமை ஓர் உறுப்பினர் எழுந்து, ஒதுக்கீட்டில் வந்தவர்கள் நாற்காலியைத்தான் நிரப்புகிறார்கள், வேலையை நாம்தான் பார்க்க வேண்டியிருக்கிறது என்றார். அவையே சிரித்தது. என் பக்கத்தில் இருந்தவளும் விதியை மறந்து சிரித்துவிட்டாள். நீ பிறந்தபோது ஆஸ்பத்திரியில் எனக்குத் துணையாக இருந்தாளே, அவள்தான்.

அறைக்கு வந்து டைப் செய்தபோது அந்தச் சிரிப்பை விட்டுவிட்டேன். வேண்டுமென்றே விட்டேனா, எனக்கே தெரியவில்லை. மேற்பார்வையாளர் தாளைத் திருப்பி அனுப்பினார். சேர்த்துக் கொடுத்தேன்.

பிறகு அவள் வந்து, உங்களைச் சொல்லலைக்கா, உங்க வேலை எங்களுக்குத் தெரியாதா என்றாள். டீ வாங்கித் தந்தாள். குடித்தேன். கோபம் வருமென்று பார்த்தேன், வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டதும் கன்னம் மரத்துக் கிடக்குமே, அப்படி இருக்கிறது இன்றுவரை.

உன் கடிதத்துக்கு வருகிறேன். பொதுப்பணித்துறை இன்ஜினியர் வேலைக்கு ஒதுக்கீடு கேட்காமல் பொதுவில் விண்ணப்பிக்கப் போகிறேன், நாளைக்கு எவனும் என்னைப் பார்த்து விரல் நீட்டக் கூடாது என்று எழுதியிருக்கிறாய். உன் ரோஷம் எனக்குப் புரிகிறது. அது அப்பாவின் சொத்து, வேறென்ன! ஆனால் முப்பது வருஷமாக யாரும் ஒரு பிழை சொல்ல விடாமல் எழுதியவள் நான். அந்த விரல் இன்னும் கீழே இறங்கவில்லை. நீ விட்டுக்கொடுத்தாலும் இறங்காது.

அடுத்த வாரக் கடைசியில் வாக்கெடுப்பு. அதற்குள் விண்ணப்பித்தவர்களுக்குப் பழைய விதிதான் பொருந்தும் என்று அமைச்சர் சொல்லியிருக்கிறார். கடிதம் கையில் கிடைத்ததும் ஒதுக்கீட்டிலேயே விண்ணப்பித்துவிடு. உன்னுடையதைத்தானே கேட்கிறாய். நீ கேட்காவிட்டால் அந்த இடம் காலியாகக் கிடக்கும். அவர்களில் தகுதியான ஆளே இல்லை, பாருங்கள் என்று ஒருவர் எழுந்து பேசுவார். நான் கீழே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பேன்.

மற்றதையெல்லாம் எழுதிவிட்டேன். அதை மட்டும் என்னை எழுத வைக்காதே, கண்ணு.

நன்றாக இரு.

உன் அம்மா