தண்ணீருக்குள் எலி வளைகள்

கீழப்புத்தூர்,
17-9-1972

அன்புத் தோழி செவ்வந்திக்கு,

பூங்கோதை எழுதுவது. கூலி வேலைக்குப் போன பேராவூரணியில் நீயும் அம்மா அப்பாவும் சுகமா? தேங்காய் மட்டை உரித்து உன் கை காய்த்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நடந்ததை இதில் உள்ளபடி எழுதப்போகிறேன். எனக்குச் சாதகமாக ஒரு வார்த்தையும் மாற்றமாட்டேன்.

உங்களுக்கு வீட்டுமனையாகக் கொடுக்கவிருந்த வடிகாலோரத் தரிசைத் தாசில்தார் பார்க்க வந்த அன்று, நான் அங்கே நாரை பார்த்துக்கொண்டிருந்தேன். தரிசு முழுக்கக் கணுக்கால் தண்ணீர். பண்ணையார் என்னைக் கூப்பிட்டு, "நம்ம குத்தகைக்காரர் பொண்ணுங்க. பறவையப் பத்தியெல்லாம் அத்துப்படி. அதையே கேளுங்க" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அது நத்தைக்குத்தி நாரை, நத்தை உள்ள இடத்தில்தான் மேயும், நத்தைக்குத் தேங்கிய நீர் வேண்டும் என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

"அப்ப இது தண்ணி நிக்கிற எடந்தான், வீடு கட்ட ஆவாது" என்று தாசில்தார் எழுதிக்கொண்டார். உன் அப்பா, "ஐயா, போன மாசம் வரைக்கும் இங்க ஆடு மேச்சோமுங்க" என்று கெஞ்சினார். "ஒங்க ஊருப் பொண்ணே சொல்லுதேய்யா" என்று அவர் ஜீப்பில் ஏறிவிட்டார்.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. தண்ணீருக்கு அடியில் எலி வளைகளைப் பார்த்தேன். அவற்றின் வாய் இன்னும் தூர்ந்திருக்கவில்லை. வயல் எலி காய்ந்த மண்ணில்தான் வளை தோண்டும். அப்படியென்றால் தண்ணீர் புதிது; நத்தை அந்தத் தண்ணீரோடு வந்திருக்கும். இது எனக்கு அங்கேயே புரிந்தது, செவ்வந்தி. ஆனால் பண்ணையார் "கெட்டிக்காரி" என்று தலையைத் தட்டியிருந்தார். அதைச் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தேன். தரிசு உங்களுக்குப் போகக்கூடாதென்று பண்ணையார் ஆட்கள் வடிகாலை வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைத்திருக்கிறார்கள்.

அப்பாவிடம் சொன்னேன். "குத்தகையப் புடுங்கிட்டா நாரையா வந்து சோறு போடும்? பேசாம இரு" என்றார். அவர் பயம் பொய்யில்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

வருகிற வெள்ளிக்கிழமை தாசில்தார் முடிவு எழுதுகிறாராம். உன் அப்பாவை வியாழனுக்குள் வரச் சொல். தாலுகா ஆபீசுக்கு நானும் வருகிறேன். தாசில்தார் மறுபடி வந்தால் தண்ணீரில் இறங்கி ஒவ்வொரு வளையாகத் தொட்டுக் காட்டுகிறேன். கோபம் தீரும்வரை நீ என்னோடு பேசவேண்டாம். அப்பாவை மட்டும் அனுப்பு. அந்த மண்ணில் உங்கள் வீடு எழும்ப வேண்டும்.

இப்படிக்கு,
பூங்கோதை

பி.கு.: யாருக்குக் கடிதம் என்று அப்பா கேட்டார். உனக்கு என்றேன். கடிதத்தைப் பிடுங்காமல் விளக்கை மட்டும் அணைத்துவிட்டார்; இதை விடிந்ததும் எழுதுகிறேன்.