நெற்றியில் கை வைத்த வெண்கல ஆள்

செவ்வாய், இரவு. வளைகுடா, முவைலா ரூம்.

இன்று மியூசியத்தில் புதிதாக வந்த கண்ணாடிப் பெட்டியைத் துடைத்தேன். உள்ளே ஒரு சாண் உயர வெண்கல ஆள், நெற்றியில் கை வைத்துக் கும்பிட்டு நிற்கிறான். கீழே எழுதியிருந்ததை செக்யூரிட்டி முருகன் படித்துச் சொன்னான்.

"கிரீட்டுன்னு ஒரு தீவாம்க்கா. மூவாயிரத்தைந்நூறு வருசத்துக்கு முந்தி மலைக்கோயில்ல நேந்து வச்சதாம். நாம மாரியாத்தாளுக்கு உரு போடுறோமே, அது மாதிரிதான்."

நானும் போட்டேன். இங்கே கட்டட சைட்டில் என் வீட்டுக்காரருக்குக் கால் நசுங்கியபோது, லீவில் ஊருக்குப் போய் வெள்ளிக் கால் வாங்கி உண்டியலில் போட்டேன். கால் ஆறியது. மறுமாதம் டூட்டியில் நெஞ்சடைத்துப் போய்விட்டார்.

"இவன் விவரமானவன்டா, முழு ஆளையும் வச்சிருக்கான்" என்றேன். முருகன் சிரித்தான்.

நான் காலை மட்டும்தான் கேட்டேன். ஆத்தா அதை மட்டும் கொடுத்தாள். மார்ச்சுவரியில் துணியை விலக்கிப் பார்த்தேன். இரண்டு காலும் நன்றாகவே இருந்தன.