கடைசியாகத் தொட்டவர்

மார்ச் 3, செவ்வாய்

விண்ணப்பம் அனுப்பி நான்கே நாளில் பதில் வந்துவிட்டது. தேர்வாகிவிட்டேனாம். கடல் தாண்டி ஒரு மருத்துவமனை. இரண்டு வருடத் தொண்டு. யாரோ தானமாகக் கொடுத்த கருவிகள் அங்கே பழுதாகிக் குவிந்து கிடக்கின்றனவாம். மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்ப்பதுதான் இருபத்திரண்டு வருடமாக என் பிழைப்பு. இருந்தாலும், என்னை நானே இவ்வளவு சீக்கிரம் தேர்ந்தெடுத்திருக்க மாட்டேன். வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை போலும்.

மார்ச் 5, வியாழன்

மேலாளரிடம் நீண்ட விடுப்பு கேட்டேன். அரைநாள் விடுப்புக்கு மூன்று நாள் யோசிப்பவர், அரைமணியில் தந்தார். கூடவே ஒரு நற்சான்று: "இவரைப் பிரிவது பேரிழப்பு." அதில் போட்டிருந்த தேதி போன வருடத்தது.

மார்ச் 8, ஞாயிறு

வீட்டில் சொன்னேன். "போயிட்டு வாங்க" என்றாள் மனைவி. துணி மடிப்பதைக்கூட நிறுத்தவில்லை. தெருமுனைக் கடைக்குக் கிளம்பினாலே எதுக்கு, எப்ப வருவீங்க என்று விசாரணை வைப்பவள்.

மைத்துனர் வந்திருந்தார். "மாமா, கிளம்புறதுக்கு முன்னாடி அக்காகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிக்கோங்க. திரும்பி வந்தா சேத்துக்கிறேன்னு."

எல்லோரும் சிரித்தோம். நான் சற்றுத் தாமதமாக.

மார்ச் 17, செவ்வாய்

மேசை விசிறி நின்றுவிட்டது. திறந்தால் உள்ளே ஒரே ஒரு ஒயர் கழன்றிருக்கிறது. தானாகத் தளர்ந்து கழன்றிருந்தால் முனை கருகியிருக்கும். இது பளிச்சென்று இருந்தது. கைவேலை.

எங்கள் பணிமனைப் பதிவேட்டில் 'கடைசியாகத் தொட்டவர்' என்று ஒரு கட்டம் உண்டு. இருபத்திரண்டு வருடத்தில் அதில் விழுந்த ஒரே பதில்: யாரும் இல்லை. தேநீரில் குளித்து வந்த கருவியையும், மாடிப்படியில் உருண்டு வந்த கருவியையும்கூட யாரும் தொட்டதில்லை.

மனைவியிடம் கேட்டேன். "நான் தொடவே இல்லையே."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். எல்லா வார்டிலும் கேட்டிருக்கிறேன்.

மார்ச் 23, திங்கள்

அழைப்பு மணி. மறுபடி ஒரே ஒயர்.

மார்ச் 29, ஞாயிறு

இஸ்திரிப்பெட்டி. இந்த முறை ஒயர் மாட்டித்தான் இருந்தது — தப்பான இடத்தில். திருகாணியைச் சுற்றி இருந்த கீறல்கள் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. வீட்டில் இடக்கைப் பழக்கம் ஒருத்திக்குத்தான்.

ஆக, என்னை அனுப்ப இவளுக்கு மனமில்லை. வாயால் "போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள்; இப்போது திருப்புளியால் "போகாதீங்க" என்கிறாள். மூன்று பொருள் இரண்டே வாரத்தில். சாட்சியம் போதும்.

எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. இதையும் சந்தேகப்பட வேண்டும். ஊருக்கு உதவத்தான் கிளம்பினேனா, இல்லை, யாராவது கையைப் பிடித்து நிறுத்துகிறார்களா என்று பார்க்கக் கிளம்பினேனா?

ஏப்ரல் 2, வியாழன்

'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று தொடங்கி, வர இயலாது என்று தொண்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதிவிட்டேன். சட்டைப் பையில் இருக்கிறது. அவளிடம் சொல்லிவிட்டு அனுப்ப வேண்டும். பெருந்தன்மையாகச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 3, வெள்ளி

மதியமே வீட்டுக்கு வந்தேன். தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் விசிறி, வயிறு திறந்தபடி. இடக்கையில் என் திருப்புளி. மடியில் நோட்டு, அதில் எந்த நிற ஒயர் எங்கே என்று படம்.

"எத்தனை நாளா நடக்குது?"

"நீங்க சொன்ன மறுநாள்லேருந்து."

"என்னைப் போகவிடாமப் பண்றதுக்கா?"

தலைகீழாக மாட்டிய பாகத்தை நான் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். "ரெண்டு வருஷம் எது கெட்டாலும் யாரைக் கூப்பிடுறது? நானே கழட்டறேன், நானே மாட்டறேன். மாட்ட வராதது மட்டும்தான் உங்ககிட்ட வந்துச்சு."

"மூணு."

"பன்னெண்டுல மூணு."

அப்படியானால் ஒன்பது. என் கண்ணெதிரே ஒன்பது பழுது வந்து, சரியாகி, போயிருக்கிறது. ஒன்றைக்கூட நான் பிடிக்கவில்லை. துறை வல்லுநர்.

சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொன்னா நீங்களே பண்ணிடுவீங்க."

பையில் என்ன கடிதம் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன், வார்டுக் குரலில். பிறகு குளியலறையில் கிழித்தேன்.

ஏப்ரல் 4, சனி

நான் போவதற்கு உதவுகிறாளா? நான் இல்லாமலே இருந்து பழகுகிறாளா? இரண்டு வேலைக்கும் அதே திருப்புளிதான்.

ஏப்ரல் 27, திங்கள்

விமான நிலையம். கருவிப் பையில் சின்னத் திருப்புளியைக் காணோம். கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கையை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பிடித்திருந்தாள் — அல்லது நானா?

மே 11, திங்கள்

ஓர் அறை, நாற்பத்தொரு கருவிகள். எது நின்றாலும் மேலே துணி போர்த்தி இந்த அறைக்குத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு முன்னால் வந்தவர் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டுப் போனாராம். அடுத்த வருடமே அறை நிறைந்துவிட்டதாம்.

தலைமைத் தாதி என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். இவற்றைக் கடைசியாகத் தொட்டது யார் என்று கேட்டேன். ஆங்கிலம் தெரிந்த மருத்துவர் ஒருவர் மொழிபெயர்த்தார்: யாரும் இல்லை.

சொந்த ஊர் மாதிரி இருந்தது.

ஜூன் 9, செவ்வாய்

இருபத்தாறு முடிந்தது. தாதி என் கையையே கவனிப்பதாக ஒரு மாதமாகச் சந்தேகம். திருட வருகிறார் என்றுகூட நினைத்தேன். திருடத்தான் வருகிறார் — வேலையை.

இன்று உபரியாக இருந்த சளி உறிஞ்சும் கருவி ஒன்றில், நன்றாக ஓடிக்கொண்டிருந்ததில், ஒரு ஒயரைக் கழற்றினேன். இங்கே நான் தொடங்கியிருக்கும் பதிவேட்டில் 'கடைசியாகத் தொட்டவர்' கட்டத்தில் 'நான்' என்று எழுதினேன். மருத்துவரிடம் அதைத் தாதிக்கு வாசித்துக்காட்டச் சொன்னேன். திருப்புளியைத் தாதியின் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன்.

நாற்பது நிமிடம். இரண்டு தரம் கதவில் கை வைத்து எடுத்தேன். உள்ளே போகாமல் இருப்பதைப்போலச் சிரமமான பழுதுபார்ப்பை நான் செய்ததில்லை. பிறகு கருவியின் இரைச்சல் கேட்டது.

ஜூலை 19, ஞாயிறு

மனைவி தொலைபேசியில்: மேசை விசிறி மறுபடி நின்றுவிட்டதாம். "அது அப்படியே கிடக்கட்டும். நீங்க வந்து பாத்துக்கலாம்."

யார் தொட்டது என்றேன்.

"யாரும் தொடலையே."

நம்பவில்லை. நன்றாகத் தூங்கினேன்.

ஆகஸ்ட் 6, வியாழன்

எட்டு நாளாக யாரும் என்னைக் கூப்பிடவில்லை. இது நல்லதற்கில்லை என்று வார்டு வார்டாகப் போய்ப் பார்த்தேன். எல்லாம் ஓடுகின்றன. அறைக்கு வந்து பதிவேட்டைத் திறந்தேன். நான் பார்க்காத ஏழு பழுதுகள், ஏழும் தீர்ந்தவை. கடைசிக் கட்டத்தில் அவர்கள் எழுத்தில் ஏதோ இருந்தது. ஏழிலும் ஒரே சொல் அல்ல.

மருத்துவரிடம் காட்டி, "யாரும் இல்லை என்றா எழுதியிருக்கிறது?" என்று கேட்டேன்.

இல்லை, பெயர்கள் என்றார். ஐந்தில் தலைமைத் தாதி. இரண்டில், எனக்கு இன்னும் அறிமுகமாகாத யாரோ.